கரண்ட் வாங்கித் தரும் அரை ஷிப்ட்

இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகுதான் திருப்பூரின் பிசியோதெரபி கிளினிக்குகளில் கூட்டம் சேர்கிறது. ஓவர்லாக் டெய்லருக்குக் கழுத்தும் தோளும்; நாள் முழுக்க நின்று செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கு இடுப்பும் குதிகாலும். யாரும் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "கரண்ட் வெச்சு விடுங்க" என்பதே வழக்கு. இடுப்பில் ரப்பர் பட்டைகளைக் கட்டிக் குமிழைத் திருகினால் எறும்பு ஊர்கிறது. "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்ற குரல் வரும். கால் மணி நேரத்தில் பலருக்கு வலி இறங்கியும் விடுகிறது.

இந்த நிவாரணம் பிரமையல்ல. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த 'வாசல்' கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. தொடுகையைச் சுமக்கும் தடித்த நரம்புகள் சுறுசுறுப்பானால், மெல்லிய நரம்புகள் கொண்டுவரும் வலிக்குத் தண்டுவடத்தில் வாசல் ஒருக்களிக்கிறது. இடித்துக்கொண்ட முட்டியை நாம் தேய்த்துவிடுவதும் இதே கணக்குதான். 2022இல் 381 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, தோல்வழியே மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவதாகவே சொன்னது. தினமும் வலி மாத்திரை விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்பவருக்கு இது சின்ன லாபமல்ல.

'கரண்ட்' என்பது டென்ஸாகவும் இருக்கலாம், ஐஎஃப்டியாகவும் இருக்கலாம். எதைத் தேர்வது? டென்ஸ் சட்டைப் பையில் அடங்கும், பேட்டரியில் ஓடும், விலை கைக்கு எட்டும். ஐஎஃப்டி மேசைக் கருவி. 4000 ஹெர்ட்ஸ் அளவிலான இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்கே பாய்ச்சி, தோல் அதிகம் உறுத்தாமல் ஆழத்தைத் தொட முயல்கிறது. பெரிய கருவி என்பதாலேயே வைத்தியமும் பெரிது என்று நம்பிவிடக் கூடாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு இரண்டுமே வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வழிகாட்டியது. உடனடி ஆறுதல் உண்டு; மாதக்கணக்கில் நிற்கும் பலனுக்குப் போதிய சான்றில்லை.

மூன்றாவது, தண்டுவடத்தருகே மின்துடிப்பு தரும் கம்பியைப் பதிக்கும் அறுவை. பல லட்சம் ஆகும். நரம்பே பழுதான வலிக்கு, மற்ற வழிகளில் ஆறு மாதம் முயன்றும் தீராதபோது, 2008இல் நைஸ் இதற்கு இடம் கொடுத்தது. அந்த இடமும் இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. முதுகு அறுவைக்குப் பின்னும் கால்வரை இழுக்கும் வலியுள்ள 50 பேரிடம் நார்வேயில் நடந்த சோதனையில், கருவி ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாதபோது பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குனிந்து தைத்து இறுகிய தசைக்கு இந்த அறுவையை யாரேனும் பரிந்துரைத்தால், அங்கே சந்தேகப்படுவதே புத்தி.

ஆகவே கருவிக்கு முன் வலியைப் பிரித்தறிய வேண்டும். விரல் மரத்துப் போகிறதா, கால் பலமிழக்கிறதா? அப்படியானால் முதலில் மருத்துவர், பிறகுதான் கரண்ட். பேஸ்மேக்கர் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் பட்டையைத் தொடவே கூடாது. நாலைந்து முறை வைத்தும் பயனில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஒரே அளவில் தினமும் வைத்தால் உடம்பு பழகிப்போய்ப் பலன் தேய்வதும் உண்டு.

கரண்டின் பெரிய குறை, அது தரும் வலி ஓய்ந்த நேரத்தை நாம் செலவழிக்கும் விதம். அந்த நேரம் முதுகைப் பலப்படுத்தும் பயிற்சிக்குப் போக வேண்டியது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கோ அது மறுநாளின் இன்னொரு அரை ஷிப்டாகிறது. சாய்மானமில்லாத அதே ஸ்டூல், அதே குனிவு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, தகுதி இருந்தால், நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். கான்ட்ராக்டில் பவர் டேபிளில் பதிவின்றித் தைப்பவருக்கு அதுவுமில்லை. ஓய்வெடுத்தால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். கரண்ட் வைத்தால் குறையாது. அவர் டென்ஸையும் ஐஎஃப்டியையும் ஒப்பிட்டுத் தேர்வதில்லை. ஓய்வு, கரண்ட் என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்கிறார். வலிக்கான கருவியை மதிப்பிடுகிறவர்கள் அந்த ஸ்டூலையும் சேர்த்து மதிப்பிட வேண்டும்.