சல்லிவன் நெறிகள்: ஒரு மறுமதிப்பீடு

மனித உரிமைகளைக் காப்போம் என்று வணிக நிறுவனங்கள் தாமே முன்வந்து உறுதிகூறும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உலக உடன்பாட்டில் மட்டும் பல்லாயிரம் நிறுவனங்கள் சேர்ந்துள்ளன. சட்டத்தின் கட்டாயமின்றி எழும் இவ்வுறுதிகள் உழைப்போரின் உரிமையை மெய்யாகவே காக்கின்றனவா? விடை காண விழைவோர், இவற்றிற்கு மூத்ததாகிய சல்லிவன் நெறிகளை முதலில் ஆராய்தல் நலம். அவற்றை வகுத்தவர் ஒரு சபைப் போதகர் என்பதால் நமக்கு அது கூடுதலான கடமையுமாகிறது.

அருள்திரு லியோன் சல்லிவன் பிலதெல்பியா நகரில் சீயோன் பாப்திஸ்து சபையின் ஆயராயிருந்தவர். கறுப்பினத்தாருக்கு நல்ல வேலை தர மறுக்கும் கம்பெனிகளின் பொருள்களை வாங்க வேண்டாமென்று 1960-இல் அந்நகரின் கறுப்பினப் போதகர்கள் பிரசங்க பீடங்களிலிருந்து அறிவித்தபோது, அவ்வியக்கத்தின் தலைவர்களுள் அவரும் ஒருவர். முதல் இலக்கு ஒரு கேக் கம்பெனி. விற்பனை சரியவே அது சில மாதங்களுக்குள் பணிந்தது. 1971-இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். அந்நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டுமென எப்பிஸ்கோப்பல் திருச்சபை அவ்வாண்டு கொண்டுவந்த தீர்மானத்தைச் சக இயக்குநர்களுக்கு எதிராக நின்று ஆதரித்தார். தீர்மானம் படுதோல்வி அடைந்தது.

வெளியேற்ற முடியாதவர்களைத் திருத்தவாவது முயலலாம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். 1977 மார்ச்சில் 12 அமெரிக்க நிறுவனங்களின் ஒப்புதலுடன் ஆறு நெறிகளை வெளியிட்டார். உணவறையிலும் கழிப்பறையிலும் பணியிடத்திலும் நிறப் பிரிவினை கூடாது, வேலைவாய்ப்பில் நேர்மை, சம வேலைக்குச் சம ஊதியம், பயிற்சி, மேற்பார்வைப் பதவிகளில் கறுப்பினத்தார் பெருக வேண்டும், தொழிலாளரின் வீட்டு வசதி, கல்வி, உடல்நலம் மேம்பட வேண்டும். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன.

நன்மை விளையவில்லை என்று கூறுவது அநியாயம். பல ஆலைகளில் தடுப்புச் சுவர்கள் விழுந்தன. பள்ளிகளுக்கும் பயிற்சிக்கும் பெருந்தொகை செலவாயிற்று. ஆயினும் அமெரிக்க நிறுவனங்களில் உழைத்தோர் அந்நாட்டுத் தொழிலாளரில் மிகச் சிறு பகுதியினரே. ஆலை வாயிலுக்குள் வெள்ளையருடன் ஒரே மேசையில் உண்டவர், வாயிலைக் கடந்ததும் அடையாளப் புத்தகம் இன்றி நடமாட இயலாதவராயிருந்தார், வாக்குரிமையும் அவருக்கில்லை. நிறவெறியை வசதியாக்குவதன்று, அகற்றுவதே தேவை என்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டு போன்றோர் குறைகூறியதன் பொருள் இதுவே.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. ஆண்டுதோறும் நிறுவனங்களைத் தரப்படுத்திய ஆலோசனை நிறுவனம், பெரும்பாலும் அந்நிறுவனங்களே எழுதியனுப்பிய அறிக்கைகளைக் கொண்டே தரப்படுத்தியது. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவதற்கு ஒப்பானது இது. உறுதிமொழி நிறுவனத்திற்கும் போதகருக்கும் இடையே நிகழ்ந்தது. யாருடைய உரிமை பேசப்பட்டதோ அந்தத் தொழிலாளி அதில் ஒரு தரப்பினன் அல்லன். வாக்குத் தவறினால் முறையிட அவனுக்கு ஓர் இடமும் இல்லை. போலராய்டு நிறுவனத்தின் கதை இங்கு நினைக்கத்தக்கது. அடையாளப் புத்தகங்களுக்கான புகைப்படச் சாதனங்களைத் தென்னாப்பிரிக்க அரசுக்கு விற்பதில்லையென 1971-இல் அது வாக்களித்தது. அங்கிருந்த அதன் விற்பனையாளரோ இரகசியமாக விற்றுவந்தார். அது அம்பலமாக 1977 ஆயிற்று.

எரேமியா 34-ஆம் அதிகாரத்தை மாணவர்கள் இதனுடன் ஒப்பிட்டு வாசிக்கலாம். பாபிலோனியர் முற்றுகையிட்ட வேளையில் எருசலேமின் பிரபுக்கள் உடன்படிக்கை செய்து அடிமைகளை விடுவித்தனர். பகைவரின் சேனை சற்றே விலகிப்போன நாளிலேயே, விடுவித்தவர்களை மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். உடன்படிக்கை ஆலயத்திலேயே செய்யப்பட்டதாயினும் அதைத் தாங்கி நின்றது முற்றுகையே.

சல்லிவனின் நேர்மையை இங்குப் போற்ற வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் நிறவெறிச் சட்டங்கள் ஒழியாவிடில் தம் முயற்சியைக் கைவிடுவதாக 1985-இல் அறிவித்தார். 1987 ஜூனில் சொன்னவாறே கைவிட்டு, அமெரிக்க நிறுவனங்கள் அனைத்தும் வெளியேறவேண்டுமெனக் கோரினார். இதற்கிடையில், 1986-இல் அதிபர் ரேகனின் மறுப்பாணையையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் நிறவெறி எதிர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. தம் திட்டத்திற்குக் காலவரையறை இட்டு, தோல்வியைப் பகிரங்கமாக அறிவிக்கும் துணிவு இன்றைய தன்னார்வ நெறித்தொகுப்புகளில் காணக் கிடைப்பது அரிது.

ஆனால் அவரே 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலகளாவிய சல்லிவன் நெறிகள் என மற்றொரு தன்னார்வத் தொகுப்பை வெளியிட்டார். இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. கேக் கம்பெனி பணிந்தது நெறியை வாசித்தல்ல, விற்பனை சரிந்ததால். அதனை அவரைவிட அறிந்தவர் யார்?

அண்மைக்கால நிகழ்ச்சிகளும் நம் ஐயத்தை வலுப்படுத்துகின்றன. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சன்னல்களில் கம்பிகள், வெளிவாயில்கள் பூட்டியிருந்தன. அத்தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே சமூகப் பொறுப்புக்கான பன்னாட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது! அடுத்த ஆண்டு டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பின்னரே வேறுவகை உடன்பாடு ஒன்று பிறந்தது. 200-க்கு மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு அதில் கையொப்பமிட்டன. வாக்குத் தவறினால் நடுவர் மன்றத்திற்கு இழுக்கும் உரிமை சங்கங்களுக்குக் கிடைத்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்திச் சங்கங்கள் தொடுத்த இரு வழக்குகளுள் ஒன்றில், 2018-இல் ஒரு நிறுவனம் 23 லட்சம் டாலர் தர இசைந்தது. சேர்வது நிறுவனத்தின் விருப்பம்; சேர்ந்தபின் விலகி நிற்பது அதன் விருப்பமன்று. எனினும் அவ்வுடன்பாடு கட்டடப் பாதுகாப்பைப் பற்றியதே. கூலி உயர்வு அதன் எல்லைக்குள் வரவில்லை. பணம் தந்த நிறுவனத்தின் பெயரும் வெளியிடப்படவில்லை.