செய்தியும் சரக்கும்

செய்தித்துறையிற் பக்கச்சார்பு இன்று தோன்றியதன்று. 1841ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’ மிஷனரிமாரின் குரலாயிருந்தது; ‘சுதந்திரன்’ தமிழரசுக் கட்சியின் குரலாயிருந்தது. வாசகர் அதனை அறிந்தே வாசித்தனர். இன்றைய இணையச் செய்தித்தளங்களிற் பலவோ, தம்மை நடத்துவோர் யாரென்பதைக் கூறாமலே நடுநிலை பேசுகின்றன.

எத்தனைபேர் திறந்து பார்த்தனர் என்ற கணக்கிற்கேற்பவே இத்தளங்களுக்கு விளம்பரப் பணம் கிடைக்கின்றது. ஆகவே, செய்தி சரக்காகின்றது. அச்சமும் பகைமையும் விரைவில் விலைபோகின்றன. அரசியல்வாதிக்கும் அதுவே வேண்டியிருக்கின்றது.

2019ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஒரு மாதமே கழிந்திருந்தது; அது சனாதிபதித் தேர்தல் ஆண்டுமாகும். முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாரென மே 23ஆந் திகதி சிங்கள நாளிதழொன்று முதற்பக்கத்தில் எழுதிற்று. அச்சேறிய அவதூறு இணையமெங்கும் பரவியது. குருநாகல் வைத்தியசாலையிற் கடமையாற்றிய வைத்தியர் ஓரிரு நாட்களிற் கைதானார். குற்றச்சாட்டிற்குச் சான்றில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. யூலையிற் பிணை கிடைத்தது. 2022இல் மீண்டும் சேவையிற் சேர்க்கப்பட்ட அவர், தமது நிலுவைச் சம்பளத்தை அத்தியாவசிய மருந்துகள் வாங்கவெனச் சுகாதார அமைச்சுக்கே வழங்கினார்.

உயர்தர வகுப்பில் இச்சம்பவத்தை நாம் குறிப்பிட்டபோது, குற்றச்சாட்டைக் கேள்விப்பட்டிருந்த மாணவர் பலர். அதன் முடிவை அறிந்திருந்தவர் எவருமிலர். தரவீழ்ச்சி என்பதன் பொருள் இதுதான்.

இது பிறமொழிப் பத்திரிகையின் குற்றமென்று நாம் ஆறுதலடைதல் ஆகாது. எமது தமிழ்த் தளங்கள் பலவற்றிற் காண்பதென்ன? தலைப்பில் ‘அதிர்ச்சித் தகவல்’. உள்ளே பெயரற்ற ‘நம்பத்தகுந்த வட்டாரம்’. ஒரு தளத்தின் எழுத்துப்பிழைகூட மாறாமல் மறுதளத்தில் இடம்பெறுகின்றது. நிருபர் எவரும் நேரிற் சென்று விசாரித்தமைக்கு அடையாளமே இல்லை. தோட்டத் தொழிலாளியின் சம்பளப் பிரச்சினையோ, மீனவரின் கடல் உரிமையோ தேர்தற் காலத்தில் மட்டுமே செய்தியாகின்றது.

சார்பற்ற எழுத்தை நாம் கேட்கவில்லை. உழைக்கும் மக்களின் பக்கம் நிற்பதும் சார்பே. அதனை நாம் மறைப்பதுமில்லை. ஆயின், எப்பக்கம் நிற்பவர்க்கும் செய்தியைச் சோதித்தறியும் கடமை உண்டு. பொய்யை முதற்பக்கத்தில் இட்டவர் அதன் மறுப்பையும் அங்கேயே இடல்வேண்டும். இதனை வற்புறுத்திக் கேட்கும் வாசகரை உருவாக்குவது ஆசிரியர்களாகிய எமது பொறுப்பாகும்.