ராஜா சாண்டோவின் தோளும் முழங்கையும்

காணிப்பாக்கத்தில் ஒருமுறை இரண்டு பேர் சத்தியம் செய்வதைப் பார்த்தேன். வரசித்தி விநாயகர் முன்னால் பொய் சொன்னால் தப்ப முடியாது என்பது சித்தூர்ப் பக்கம் இன்றும் அசையாத நம்பிக்கை. கடன் தகராறு, பங்கு தகராறு, குடியை விடுவது என்று எதுவானாலும் அங்கே வந்து முடிப்பார்கள். அண்ணன் தம்பி போலிருந்த அந்த இருவரும் தலைமுழுகிய ஈரத்தோடு நின்றார்கள். கூட்டத்திலும் மணிச் சத்தத்திலும் அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. பேசியது தமிழா தெலுங்கா என்றுகூடப் பிடிபடவில்லை. மூத்தவர் கையை நீட்டினார். முழங்கை முழுதாக நீளவில்லை. இளையவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை, அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. தயங்கியது யார் என்று மட்டும் தெரிந்துவிட்டது.

பேசாப்படத்து நடிகனின் தொழில் அந்த முழங்கையில்தான் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போய் அந்தத் தொழிலில் பெயர் வாங்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டையில் பிறந்த பி.கே. நாகலிங்கம். யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய பலசாலியின் பெயர் அந்தக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களிலெல்லாம் பரவியிருந்தது. நம் ஊரில் அது பட்டமாகவும் ஆனது, கை வைக்காத பனியனுக்கும் பெயரானது. நாகலிங்கம் உடம்பைக் காட்டித்தான் பம்பாயில் நுழைந்தார். எஸ்.என். பாடன்கரின் நேஷனல் ஃபிலிம் கம்பெனி எடுத்த ‘பக்த போதனா’வில் 1922இல் நடித்தார். சம்பளம் 101 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்து நாயகனைப் பிடிப்பது அன்று எங்கும் இருந்த வழக்கம். பம்பாயில் மாஸ்டர் விட்டல், சென்னையில் பாட்லிங் மணி, ஸ்டன்ட் ராஜு என்று பெயரிலேயே வீரம் தெரியும். இதை மட்டமான வழக்கம் என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரலும் பாஷையும் இல்லாத கலையில் கைதேர்ந்த உடம்புக்கு முதலிடம் கொடுத்ததில் நியாயம் இருந்தது. மல்லனுக்கும் பயில்வானுக்கும் தன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று எந்த நேரமும் தெரியும். ஒருவன் நிற்கும் விதத்தில் பயத்தைக் காட்ட அந்த அறிவு வேண்டும்.

பாஷையும் குறுக்கே நிற்கவில்லை. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் குஜராத்தி முதலாளிகளின் படங்களில் நாயகனாக நின்றார், யாரும் அவர் உச்சரிப்பைக் கேட்கவில்லை. இந்த அருமை எல்லைப்புறத்து மனிதர்களுக்கு நன்றாகப் புரியும். சித்தூர் 1911இல்தான் தனி மாவட்டமானது. ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் தெலுங்கு. பேசாப்படம் இரண்டு தெருவுக்கும் ஒன்றே. 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ என்ற பேசும்படம் வந்தபோது டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார். மற்ற ஊர்களுக்கு அது விசித்திரம். சித்தூர்க்காரர்களுக்கு அது வீட்டுத் திண்ணைப் பேச்சு. அடுத்த ஆண்டே தமிழ்ப் படம், தெலுங்குப் படம் என்று பாகப்பிரிவினை தொடங்கிவிட்டது.

ஆனால் ‘எல்லோருக்கும் பொதுவான கலை’ என்பது பாதி உண்மைதான். காட்சிக்கு நடுவே வரும் எழுத்துப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொட்டகையில் எத்தனை பேர்? அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார், எழுத்தைப் படிப்பார், தன் சரக்கையும் சேர்த்துக்கொள்வார். நடிகன் நுணுக்கமாக ஒன்று செய்திருப்பான், கதை சொல்பவர் அதன் மேல் ஒரு வசனத்தை ஏற்றிவிடுவார். ஒரு மௌன நட்சத்திரத்தின் புகழில் பாதி முகம் தெரியாத அந்த மனிதரின் தொண்டைக்குச் சொந்தம். இந்தக் கலையின் பெரிய பலவீனமாக நான் கருதுவது இதைத்தான்.

காணிப்பாக்கத்துத் தலபுராணத்தில் மூன்று சகோதரர்கள் வருவார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. கிணற்றை ஆழப்படுத்தும்போது மண்வெட்டி கல்லில் பட்டு ரத்தம் பெருக, மூவரின் குறையும் தீர்ந்தது என்பது கதை. பேசும்படம் வந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இந்த மூவரும் நினைவுக்கு வருவார்கள். கண் தெரியாதவருக்கு அன்று சினிமாவில் பாதி கிடைத்தது. காது கேளாதவரிடமிருந்து பாதி பறிபோனது. பேசாத நடிகர்களின் கதி ஆளுக்கு ஆள் வேறு. முதல் ஹிந்திப் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வின் நாயகன் மாஸ்டர் விட்டலுக்கு ஹிந்துஸ்தானி சரியாக வராததால், பல காட்சிகளில் அவரை மயக்க நிலையில் வைத்தே ஒப்பேற்றினார்கள் என்று சொல்வார்கள். சித்தூர் மேடையில் பாடிப் பெயரெடுத்த நாகய்யா 1938இல் ‘கிருகலட்சுமி’யோடு திரைக்கு வந்து, ஊர்ப்பெயரையே அடைமொழியாக்கிக்கொண்டார். காலம் தோளை விட்டுத் தொண்டைக்கு மாறியிருந்தது.

சாண்டோ அந்த மாற்றத்தில் அடிபட்டு விழவில்லை. ஏன் என்பதற்கு விடை அவர் நடித்த படங்களின் பெயர்களிலேயே இருப்பதாக நினைக்கிறேன். நடிகை சுலோசனாவோடு ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, ‘டெலிபோன் கேர்ள்’, ‘இந்திரா பி.ஏ.’, கோஹரோடு ‘குணசுந்தரி’. எல்லாம் 1926 முதல் 1929க்குள். படத்தின் பெயரில் வேலைக்குப் போகும் பெண் இருக்கிறாள், பட்டம் வாங்கிய பெண் இருக்கிறாள். சுலோசனா நிஜத்திலேயே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். நாட்டிலேயே கட்டுமஸ்தான நாயகர்களில் ஒருவர் இந்தப் பெண்களின் கதைகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவரைச் சண்டைக்காரராக மட்டும் நினைவு வைத்திருப்பது நாம் செய்யும் பிழை. அந்தக் கதைகள் எல்லாமே முற்போக்கானவை என்று சொல்ல மாட்டேன். வீட்டு வேலையில் மூழ்கிய மனைவியை விட்டுக் கணவன் வழிதவறினால், அவனைத் திருப்ப அவள்தான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ‘குணசுந்தரி’யின் போக்கு. அதில் குற்றம் கணவனுடையது, பாரம் மனைவியுடையது. இன்றைய வாசகருக்கு அது உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும்.

அந்தக் கதைகளோடுதான் அவர் சென்னைக்குத் திரும்பினார். ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் ஃபிலிம்ஸுக்காக 1930, 31இல் ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அநாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’, ‘உஷா சுந்தரி’ என்று வரிசையாக இயக்கினார். ‘அநாதைப் பெண்’ வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல். புராணமே சினிமா என்றிருந்த ஊரில், பெண் எழுதிய சமூக நாவலை ஒரு பயில்வான் படமாக்கினார். பின்னால் தமிழ் சினிமாவில் பெரிய இயக்குநரான கே. சுப்பிரமணியம் தொழில் பழகியதும் இந்தக் கம்பெனியில்தான். பேசும்படம் வந்த பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வை 1935இல் டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து எடுத்தார். 1939இல் பாடகரும் நடிகருமான தியாகராஜ பாகவதரோடு ‘திருநீலகண்டர்’. படப்பிடிப்பில் கடுமையானவர் என்று பெயர். தன் உடம்பை அடித்து வளர்த்தவர் அடுத்தவர் உடம்பிடமும் அதையே எதிர்பார்த்திருக்கலாம். கலைக்காக என்றாலும் அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1943 நவம்பரில் கோயம்புத்தூரில் காலமானார்.

இவ்வளவும் சாட்சியம்தான். சென்னையில் அவர் இயக்கிய பேசாப்படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தென்னிந்தியாவின் பேசாப்படங்களிலேயே இன்று பார்க்கக் கிடைப்பது 1933இன் ‘மார்த்தாண்ட வர்மா’. காப்புரிமை வழக்கில் முடங்கியதால் தப்பிப் பிழைத்தது. மற்றவை நைட்ரேட் ஃபிலிம் என்பதால் தானாகவே மக்கின, தீப்பிடித்தன, வெள்ளி எடுக்கக் கரைக்கப்பட்டன. சினிமாவைப் பற்றி ஆராய 1927இல் அமைந்த ரங்காச்சாரியார் கமிட்டி நாடெங்கும் 353 சாட்சிகளை விசாரித்தது. அவர்கள் பேசியதெல்லாம் அச்சில் இருக்கிறது. எதைப் பற்றிப் பேசினார்களோ அது இல்லை.

மிஞ்சிய துண்டுகளையும் நாம் நேர்மையாகப் பார்ப்பதில்லை. நொடிக்குப் பதினாறு, பதினெட்டுச் சட்டகம் என்று கையால் சுற்றி எடுத்ததை, பேசும்படத்தின் இருபத்துநான்கு வேகத்தில் ஓட்டினால் யாரும் துள்ளிக் குதிக்கத்தான் செய்வார்கள். அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த உதடும் கன்னமும் கறுத்துவிடும். அதற்கு ஈடுகட்டத்தான் கண்ணைச் சுற்றி அத்தனை மை, குரல் இல்லாததற்கு ஈடுகட்டத்தான் அத்தனை பெரிய கையசைவு. இது புரியாமல் ‘மிகை நடிப்பு’ என்று முத்திரை குத்திவிட்டோம். தமிழ்நாடு அரசு ராஜா சாண்டோ பெயரில் விருது வைத்திருக்கிறது, நல்ல காரியம். பெயரைக் காப்பாற்றிய அக்கறை படத்தைக் காப்பாற்றுவதில் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

அவர் கைபட்டதில் இன்று சுலபமாகக் கிடைப்பது 1943இன் ‘சிவகவி’. அதையும் அவர் முழுதாக முடிக்கவில்லை. பாதியில் விலக, இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். எந்தக் காட்சி யாருடையது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பாட்டுக்காகவே எல்லோரும் பார்க்கும் அந்தப் படத்தை நான் சில இரவுகளில் ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுகிறேன். பாகவதரை விட்டு, அவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களின் தோளையும் கையையும் கவனிக்கிறேன். ஓரிடத்தில் ஒரு முழங்கை பாதியில் நின்றுவிடுகிறது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கிறேன்.