தானே வெளுக்கும் துணியும் யாழ்ப்பாணக் கிணறும்

வலிகாமத்துச் செம்மண், வாழைக்கயர், கறியின் மஞ்சள், வியர்வை. யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளை வேட்டியையோ பள்ளிக்கூடச் சட்டையையோ பழுதாக்குபவை பெரும்பாலும் இந்த நாலும்தான். தன்னைத் தானே சுத்தம் செய்யும் துணிகளைப் பற்றிய ஆய்வுகளில் வரும் கறைகள் வேறு: மெதிலீன் நீலச் சாயம், கோப்பி, சிவப்பு வைன். நனோ தொழில்நுட்பம் தரும் இந்தத் துணிகளைக் குடாநாட்டில் இருந்துகொண்டு எடைபோடும்போது, அங்கே எது மறைந்தது என்பதோடு இங்கே எது மறையும் என்றும் கேட்கவேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு. அது கிணற்றைப் பற்றியது. என் கணிப்பில் கறையைவிடப் பெரியது.

ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இத்துணிகள் இரண்டு வேறு வழிகளில் இயங்குகின்றன. முதலாவது தாமரை இலையைப் பார்த்துச் செய்தது. கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சோறு உண்டவர்களுக்கு அதில் நீர் ஒட்டாதது புதிதல்ல. ஆனால் அது ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் 1997இல் விரிவாக விளக்கினார். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகளின் மேல் மெழுகுத் துணிக்கைகள். துளி அவற்றின் நுனிகளில் மட்டும் உட்கார்கிறது. உருளும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகிறது. துணியில் இதே வேலையைச் சிலிக்காத் துணிக்கைகளும் நீரை விலக்கும் ஒரு பூச்சும் செய்கின்றன. தேநீரும் குழம்பும் சிந்தினால் வழுக்கி விழும், துடைத்தால் போதும். பார்ப்பதற்கு உண்மையிலேயே அதிசயந்தான்.

ஆனால் இலையைச் சுத்தம் செய்வது மழை. குடாநாட்டுக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். மற்ற மாதங்களில் அந்தத் துணி தூசியைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கும். தாமரை தன் மெழுகைப் புதுப்பிக்கும். துணியால் அது முடியாது. உடம்பின் எண்ணெய்ப்பசையும் அலசாமல் விட்ட சவர்க்காரமும் படிந்தால் நீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சுவதற்காகவே பருத்தி உடுக்கிறோம். நீரை விலக்கும் சட்டை வியர்வையையும் விலக்கி உடம்பிலேயே நிறுத்திவிடும். மழையங்கிக்கும் கடற்றொழிலாளரின் மேலங்கிக்கும் இது பொருந்தலாம். தோட்டத்துக்குப் போகிறவரின் சேட்டுக்குப் பொருந்தாது.

இரண்டாவது வழிதான் என்னை ஈர்க்கிறது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஒளிபட்டால் வினைபுரியத் தூண்டும் என்பதை 1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினார்கள். 388 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஊதாக்கடந்த கதிர் பட்டதும் அது காற்றின் ஈரத்தையும் ஒட்சிசனையும் கொண்டு மிக வீரியமான மூலிகங்களை உண்டாக்குகிறது. அவை காபனாலான அழுக்கை அரித்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றுகின்றன. இதைத் துணியில் ஏற்றுவதுதான் கடினமாக இருந்தது. வேண்டிய பளிங்கு வடிவத்தைப் பெற நானூறு பாகை செல்சியசளவில் சூடாக்குவார்கள், பருத்தி கருகிவிடும். 2004இல் ஹொங்கொங் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வாலிட் தாவூதும் ஜோன் சின்னும் நூறு பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே பருத்தியில் அந்தப் படலத்தை உண்டாக்கினார்கள். பின்னர் மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் தாவூதின் குழு கம்பளியிலும் அதைச் செய்தது. 2008இல் வெளிவந்த அந்த ஆய்வில், செயற்கைச் சூரிய ஒளியில் இருபது மணி நேரம் வைத்தபின் வைன் கறை ஏறத்தாழ மறைந்தது.

இருபது மணி நேரம் என்பது நீண்ட நேரம். ஆனாலும் வெயில் எங்கள் கொடிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பாவின் குளிர்காலத்துக்கு இல்லாத தகுதி இந்த மண்ணுக்கு இருக்கிறது. வீட்டுக்குள் எல்ஈடி வெளிச்சத்தில் இத்துணி தூங்கும். அக்குளுக்குள்ளும் ஒளி போகாது. அதனால் உடுத்தியிருக்கும்போது அது தன்னைச் சுத்தம் செய்யாது. கழற்றி வெயிலில் போட்டால்தான் செய்யும். இதைத் தோய்ப்பைக் குறைக்கும் துணி என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன். தோய்ப்பே வேண்டாம் என்று சொன்னால் ஏற்கமாட்டேன்.

அந்த நாலு கறைகளுக்கு வருவோம். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. அதில் அரிக்கக் காபன் இல்லை. எவ்வளவு வெயிலில் போட்டாலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற இந்த ஒளி ஊக்கி அதைத் தொடாது. வலிகாமத்துத் தோட்டக்காரரின் சாறத்துக்கு நீரும் கையும்தான் வேண்டும். மஞ்சள் கறை எந்தப் பூச்சும் இல்லாமலே வெயிலில் மங்கிப்போகும் என்பது எல்லா அம்மாமாருக்கும் தெரியும், ஆகவே அது மறைந்ததைக் காட்டி நுட்பத்தைப் புகழ இடமில்லை. வாழைக்கயர் சேதனப் பொருள், மெல்ல அரிபடலாம். வியர்வையிலும் அதன் நாற்றத்தை உண்டாக்கும் பற்றீரியாக்களிலும்தான் இந்த நுட்பத்தின் உண்மையான பலன் தெரியும். வேறோர் ஆபத்தும் உண்டு. அரிக்கும் மூலிகத்துக்குக் கறை எது, நூல் எது என்று தெரியாது. பருத்தியும் சேதனப் பொருள், சாயமும் அப்படித்தான். நிறச் சேலை வெளிறும், நூலின் வலு குறையும். வெள்ளைத் துணிக்கு மட்டுமே இதை யோசிக்கலாம்.

ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில்தான் அலசுகிறார்கள். எங்கள் நீர் மயோசீன் காலச் சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சவர்க்காரம் நுரைக்காது. காய்ந்த துணியில் கல்சியம் காபனேற்றுப் படிந்து, கை வைத்தால் மொரமொரக்கும். அந்தப் படிவு ஒளி ஊக்கியை மூடிவிடும். நீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்றும், தீவுப்பகுதியின் உவர்க் குளோரைட்டும், அழுக்கை அரிக்கவேண்டிய மூலிகங்களைத் தாமே பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்தாலேயே வெளியூர்ப் பெறுபேறுகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

இனிக் கிணறு. வற்றாத ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும். குடிப்பதும் தோய்ப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரைத்தான். கிணற்றடியில் தோய்த்த நீர் வாழைப்பாத்திக்குப் போய், சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அதே நீரோடு சேருகிறது. பசளையின் நைத்திரேற்று அப்படித்தான் சேர்ந்தது. சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெயும் அப்படித்தான் பரவியது; அதற்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. துணியிலிருந்து கழன்று போவது எதுவாயினும் எங்கள் குடத்துக்குத் திரும்பி வரும்.

அப்படிப் பார்த்தால் எல்லா நனோ துணியும் ஒன்றல்ல. தைத்தேனியம் ஈரொட்சைட்டு நீரில் கரையாது, பெரும்பாலும் மண்ணில் தங்கிவிடும். அதன் தூளை மூச்சோடு உள்ளெடுப்பதுதான் கவலைக்குரியது. அது உடுப்பவரைவிட ஆலைத் தொழிலாளரைத் தாக்கும். நாற்றம் வராமலிருக்கச் சேர்க்கும் வெள்ளி வேறு மாதிரி. 2008இல் அமெரிக்காவின் அரிசோனாவில் சோதித்த காலுறைகளில் சில, நாலு தோய்ப்புக்குள் கிட்டத்தட்ட முழு வெள்ளியையும் நீருக்கு விட்டுவிட்டன. நீரை விலக்கும் புளோரின் சேர்வைகள் இன்னும் மோசமானவை. அவை சிதைவதே இல்லை, நிலத்தடி நீரோடு தூரம் போகும். அக்குடும்பத்தின் இரண்டு முக்கிய சேர்வைகளை ஸ்டொக்ஹோம் சமவாயம் 2009இலும் 2019இலும் தன் பட்டியலில் சேர்த்தது. புளோரின் பூச்சுள்ள அன்றாட உடுப்பு இந்தச் சுண்ணக்கல்லின் மேல் புழங்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இவ்வளவும் சொல்வதால், தோய்த்தே உடுப்போம், இதெல்லாம் எதற்கு என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தோய்க்காதவர்கள். யாழ்ப்பாணத்தில் ஊரின் அழுக்கைத் தோய்க்கும் வேலை பிறப்பின் பேரால் ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்டது. இன்று வீடுகளில் அது பெண்களின் தோளில் இருக்கிறது. வரட்சியில் தீவுப்பகுதிகளில் நீர் பவுசரில் வருகிறது. 2024இல் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடலைக் காய்ச்சாக் குறையாகக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஊரில், வாரத்துக்கு ஒரு தோய்ப்புக் குறைந்தாலும் அது பெரிய உதவி.

இத்துணி எங்கள் நீருக்கும் கறைக்கும் ஒத்துவருமா என்ற சோதனையைச் செய்ய வெளியே போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் ரவிராஜனும் மாணவர்களும் இதே தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கொண்டு சூரியக் கலங்களை ஆய்ந்து வருகிறார்கள். ஹோமாகமவில், 2008இல் அரசும் ஆடை நிறுவனங்கள் உட்பட்ட தனியாரும் சேர்ந்து தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூலப்பொருளான இல்மனைற்று புல்மோட்டைக் கரையில் கிடந்து, பெரும்பாலும் மண்ணாகவே ஏற்றுமதியாகிறது. இவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவந்து, வெள்ளை ஆஸ்பத்திரி விரிப்புகளிலிருந்து தொடங்கலாம். சுன்னாகம், சாவகச்சேரி, வேலணைக் கிணறுகளின் நீரில் ஐம்பது முறை தோய்த்து, கொடியில் காயவைத்து, கறை எவ்வளவு போனது, நூல் எவ்வளவு தேய்ந்தது, கழுவிய நீரில் என்ன வந்தது என்று மூன்றையும் அளக்கவேண்டும். அதுவரை கடைகளுக்கு வரும் இத்தகைய துணிகளின் சிட்டையில், புளோரினும் வெள்ளியும் உண்டா இல்லையா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடும்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கட்டாயப்படுத்தட்டும்.