நீளமான கொம்புகளின் பட்டியல்

விலங்கியல் துறை நண்பர் ஒருவர் தம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய நூலொன்றைச் சென்ற விடுமுறையில் படித்தேன். படித்தேன் என்பதைவிடக் கணக்குப் பார்த்தேன் என்பதே பொருந்தும். ஏனெனில் பக்கத்துக்குப் பக்கம் எண்களே. இறந்த விலங்குகளைப் பதப்படுத்தி உயிருள்ளவை போல் நிறுத்திக் கொடுக்கும் தொழிலை இலண்டனில் நடத்தி வந்த ரோலண்டு வார்டு என்பவர் 1892-இல் முதன்முதலாக வெளியிட்ட கொம்பு அளவுப் பட்டியல்தான் அது. பின்னர் ‘ரெக்கார்ட்ஸ் ஆஃப் பிக் கேம்’ என்ற பெயரில் பல பதிப்புகள் கண்டு, இந்த நூற்றாண்டிலும் வந்துகொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடச் செல்பவர்கள் பலருக்கு இதில் இடம்பெறுவது பெரிய பெருமை.

நூலில் பெரும்பகுதி இரலைகளுக்கே. தமிழில் கடமானும் மான்தான், வெளிமானும் மான்தான். ஆயினும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கடமானின் கொம்பு கிளைவிடும். முழுவதும் எலும்பால் ஆனது. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்போ எலும்புத் தண்டின்மேல், நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளாலான உறை மூடியது. அது கிளைவிடாது, உதிராது, வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும். இத்தகைய கொம்புடையவற்றுள் மாடு, ஆடு வகைகளை நீக்கினால் எஞ்சும் சுமார் 90 இனங்களை இரலைகள் எனலாம். மிகப் பல ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன.

முதலில் நூலின் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். கொம்பின் நீளம், அடிச் சுற்றளவு, நுனிகளுக்கு இடையே உள்ள தொலைவு, கிடைத்த இடம், உடைமையாளர் பெயர் என்று ஒழுங்காகப் பதிந்திருக்கிறார்கள். காட்டில் தானாக இறந்து கிடந்த விலங்கின் கொம்புக்கும் இடமுண்டு. வெறும் வேட்டைப் பெருமை மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அதைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நீளம் என்பது எது? கூடு என்னும் இரலையின் கொம்பு திருகுசுருளாக இரண்டரைச் சுற்றுச் சுற்றி மேலேறுகிறது. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருளின் ஆரம் 6 செ.மீ., நேர் உயரம் 100 செ.மீ. என்று கொள்வோம். அடிக்கோல் வைத்தால் 100. சுருள்வழியே நாடாவை ஓட்டினால் சுமார் 137! எனவே அளக்கும் முறையைக் கூறாமல் நீளத்தை மட்டும் கூறுவது பொருளற்றது. இன்றும் வார்டு முறையில் இரலைகளுக்கு நீளமான ஒரு கொம்பே கணக்கு. அமெரிக்காவின் சஃபாரி கிளப் முறையிலோ இரு கொம்புகளின் நீளங்களையும் அடிச் சுற்றளவுகளையும் கூட்டுகிறார்கள். ஒரே விலங்கு ஒரு பட்டியலில் முன்னும் மற்றொன்றில் பின்னும் வரக்கூடும்.

இது சிறிய குறை. பெரிய குறை வேறு.

தனி ஊசலை இருபது முறை ஆட்டி, வந்த அளவுகளில் மிகப் பெரியதை மட்டும் எழுதிக்கொண்டு வரும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். இந்த நூல் செய்வது அதுதான். கூடுவின் கொம்பு சராசரியாகச் சுமார் 120 செ.மீ.; மிக நீண்டதாகப் பதிவானது 187 செ.மீ.க்கும் மேல். நூலை மட்டும் படிப்பவருக்கு 120 என்ற எண் கண்ணில் படவே படாது. அதோடு, எவ்வளவு அதிகமான கொம்புகளை அளக்கிறோமோ அவ்வளவுக்குப் பெரும அளவும் ஏறும். விலங்கு வளர்ந்துவிட்டது என்று பொருளல்ல. மாநிலத்தில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணை வைத்து ஊர்ப் பள்ளியை எடைபோட முடியுமா? எத்தனை கொம்புகளுள் இது முதலாவது என்ற எண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த விடுபாட்டால் நேர்வது என்ன என்பதற்கு அங்கோலாவின் ஜயண்டு சேபிள் சான்று. 1916-இல் அறிவியலுக்கு அறிமுகமான இதன் கொம்பு ஒன்றரை மீட்டரையும் தாண்டும். 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இறைச்சிக்காகப் பெருமளவு கொல்லப்பட்டு, அழிந்தே போயிற்றோ என்று அஞ்சும் நிலை வந்தது. கங்கந்தாலா பூங்காவில் எஞ்சிய பெண் விலங்குகள் தம்மினத்து ஆண் கிடைக்காமல் ரோன் என்ற வேறோர் இரலையுடன் சேர்ந்து கலப்பினக் கன்றுகளை ஈன்றன. 2009-இல் ஒன்பது தூய பெண் விலங்குகளைப் பிடித்து வேலிக்குள் காத்து, லுவாந்தோவிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று. இத்தனை நடந்தும் பட்டியலின் முதலிடம் அரை அங்குலம்கூடக் குறையாது. இறந்தவற்றில் மிகப் பெரியதை மட்டும் எழுதும் ஏட்டில், இருப்பவை எத்தனை என்பதற்குக் கட்டம் ஏது?

நூலை ஆதரிப்போரின் வாதம் இது: பட்டியலில் நுழையக் குறைந்தபட்ச நீளம் வகுத்திருப்பதால், வேட்டைக்காரர் இளைய ஆண்களை விட்டுவிட்டு, இனப்பெருக்கக் காலம் முடிந்த கிழட்டு ஆண்களையே தேடுவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீளமும் வயதும் ஒன்றல்ல. முதுமையில் நுனி தேய்வதும் முறிவதும் உண்டு. இளமையிலேயே நீளமாக வளர்பவையும் உண்டு. இரலைகளின் உறவினமான பெருங்கொம்புச் செம்மறிகளைக் கனடாவின் ராம் மலையில் முப்பதாண்டுகள் ஆராய்ந்தவர்கள், நீண்ட கொம்புள்ள கடாக்களையே தேர்ந்து சுட்டதால் தலைமுறைதோறும் கொம்பு சிறுத்தது என்று 2003-இல் அறிவித்தனர். எவ்வளவு சிறுத்தது, வேட்டையின் பங்கு எவ்வளவு என்பதில் பின்னர் விவாதம் நடந்தது உண்மை.

ஆணுக்கு மட்டுமே கொம்புள்ள சைகாவின் கதை இன்னும் கடுமையானது. இங்கே குற்றவாளி பட்டியல் அன்று, மருந்துக்காகக் கொம்பு விற்ற கள்ள வேட்டை. மத்திய ஆசியப் புல்வெளிகளில் 1990-களின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த சைகாக்கள் பத்தே ஆண்டுகளில் 95 சதவீதம் குறைந்தன. ஆண்கள் அருகியபோது, மூத்த பெண்கள் இளம் பெண்களை எஞ்சிய ஆண்களிடம் அண்டவிடாமல் விரட்டியதையும் ஆய்வாளர்கள் கண்டனர். கன்று ஈனுவதே சரிந்தது. பின்னர் கடுமையான பாதுகாப்பால் பத்து லட்சத்தைத் தாண்டி மீண்டன என்பது வேறு செய்தி.

வேட்டைக் கட்டணத்தால் தென்னாப்பிரிக்காவில் பல பண்ணைகள் இரலைகளைப் பேணுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு வேலியும் புல்லும் வேண்டும். தரவரிசை எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நூலின் தாளும் அச்சும் நன்று. அளக்கும் முறையை விளக்கும் பகுதியை இயற்பியல் மாணவர்கள் அவசியம் படிக்கலாம். வளைந்த பொருளை நாடாவால் அளப்பதிலுள்ள பிழைகளைக் கற்க இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கண்டதில்லை. பட்டியலைப் படிக்கும்போது மட்டும், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து இரண்டு காலி நிரல்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: விலங்கின் வயது, அவ்வாண்டில் அவ்விடத்தில் எண்ணப்பட்ட விலங்குகள்.