அணைமரத்துக்கு எந்தப் பக்கம்?

பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பாடமாக இடம்பெற்றிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கூறு போட்டுத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். கதைக்களம்: ஜல்லிக்கட்டுத் திடல். கதைமாந்தர்: பிச்சி, மருதன், கிழவர், ஜமீன்தார். ஆளுக்கு நாலு குணம். மதிப்பெண் வந்துவிடும்; கதை பிடிபடாது.

செல்லப்பா 1912-இல் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். கொடைக்கானல் மலையடிவாரத்து இந்தச் சிற்றூர் தமிழ் உரைநடைக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. ‘மணிக்கொடி’ இதழை நடத்திய பி.எஸ். ராமையாவும், தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை எழுதிய பி.ஆர். ராஜமய்யரும் இவ்வூர்க்காரர்களே. களத்தையும் மாந்தரையும் பிரித்தால் நாவலில் எதை இழக்கிறோம் என்று பார்க்க இவ்வூர் எழுத்துகளே போதும்.

‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. கதை நடப்பது சிறுகுளம் என்ற மதுரை ஜில்லாக் கிராமத்தில். அங்கே பெண்கள் கூடி ஊர்வம்பு பேசும் இடத்துக்கு ராஜமய்யர் வைத்த பெயர் ‘வம்பர் மகாசபை’. பொழுதுபோக்காகச் சேர்த்த காட்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நாவலின் முழுத் தலைப்பிலேயே ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்ற சொற்கள் இருக்கின்றன. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக, திண்ணைக்குத் திண்ணை பேச்சு நகரும் ஊரில்தான் ஓர் அபவாதம் குடும்பத்தையே உடைக்கும் வலிமை பெறுகிறது. கமலாம்பாளைப் பற்றிய பழிச்சொல்லை அவள் கணவர் முத்துஸ்வாமி அய்யர் நம்பிவிடுவதை அவருடைய பலவீனம் என்று மட்டும் எழுதும் மாணவர், அந்த நம்பிக்கையில் சிறுகுளத்துக்கு உள்ள பங்கை விட்டுவிடுகிறார். ராஜமய்யர் இருபத்தாறு வயதில், 1898-இல் இறந்துபோனார். அந்த வயதுக்குள் ஓர் ஊரை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தது பெரிய காரியம்.

‘வாடிவாசல்’ இன்னும் இறுக்கமானது. கதை ஒரே பிற்பகலில், ஒரே திடலில் முடிந்துவிடுகிறது. ஜமீன்தார் உயரத்தில், மேடையில் இருக்கிறார். மாடு பிடிக்க வந்த பிச்சியும் மருதனும் கீழே, காளைகள் பாய்ந்து வரும் வாடிவாசலில் தடுப்பாக இருக்கும் அணைமரத்தை ஒட்டிய நெரிசலில் நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு கிழவர். வெளிவரும் காளைகளின் பூர்வீகம் அறிந்தவர். பிச்சியின் அப்பா அம்புலியைக் குத்திக் கொன்ற காரி, மேடையில் இருப்பவருடைய காளை. ஆக, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலேயே முக்கால்வாசிக் கதை இருக்கிறது. பிச்சி காரியை அணைந்துவிட்டதை ஊரே பார்க்கிறது. மேடை உயரமாக இருப்பதால் ஜமீன்தாருக்கு நேர்ந்த தாழ்வும் அத்தனை கண்களுக்கும் தெரிகிறது. வெறிகொண்டு ஓடிய காளையைக் கடைசியில் அவரே சுட்டுக் கொல்கிறார். ‘கோபக்காரர்’ என்ற ஒற்றைச் சொல் இந்தச் செயலை விளக்காது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சொன்னால்தான் கோபத்தின் அளவு தெரியும்.

களம் என்பதில் காலமும் அடக்கம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. வத்தலக்குண்டுப் பகுதிப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு ஜல்லிக்கட்டு நன்றாகத் தெரியும். 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017 மெரினா போராட்டம், தொலைக்காட்சியில் வரும் அலங்காநல்லூர், பரிசாகக் கார், பைக் எல்லாம் தெரியும். இந்தப் பழக்கமே கண்ணை மறைக்கிறது. இன்று மாட்டை அவிழ்த்துவிடும் உரிமையாளர் வேறு, செல்லப்பாவின் ஜமீன்தார் வேறு. ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1948-இல். அதற்கு முந்திய அதிகாரத்தை ஆசிரியர் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லாவிட்டால், வகுப்பறையில் பிச்சி வெறும் விளையாட்டு வீரனாகிவிடுவான்.

களமே முதன்மைப் பாத்திரமாகிவிடுவதும் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) மரம் நிற்கும் முச்சந்தியைச் சுற்றித்தான் மனிதர்கள் வந்துபோகிறார்கள். வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ வைகை அணைக்காக ஊரையே இழந்த மக்களின் கதை. அந்த மண்ணை எடுத்துவிட்டால் கதைநாயகர் பேயத்தேவர் என்ற மனிதரும் இல்லை.

எதிர்த்திசையில் போன நாவலைத் தந்தவரும் செல்லப்பாதான். 1962-இல் நூலான ‘ஜீவனாம்சம்’, சாவித்திரி என்ற விதவையின் நினைவோட்டமாகவே நடக்கிறது. திடலும் கூட்டமும் கிடையாது. ஒரு வீடும் அவள் மனமுமே களம். ‘எழுத்து’ பத்திரிகையில் அவர் வளர்த்த அலசல் விமர்சனம், படைப்பின் வரிகளுக்குள்ளேயே சான்று தேடச் சொல்வது. பள்ளிப் பிள்ளைக்கும் அது எட்டாத வித்தை இல்லை.

வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய வேலை எளிது. பாத்திரங்களின் குணங்களைப் பட்டியலிடுவதற்கு முன், நோட்டில் திடலின் வரைபடம் ஒன்று போடச் சொல்லலாம்: மேடை, வாடிவாசல், அணைமரம், கூட்டம், கிழவர் நிற்கும் இடம். பெருமாள்முருகனும் ஓவியர் அப்புபென்னும் ‘வாடிவாச’லை 2023-இல் ஆங்கிலச் சித்திர நாவலாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் வரைபடத்தை அதனோடு ஒப்பிட்டு, மேடை ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கதையின் வரியைக் காட்டி வாதாடலாம்.