கிழித்த கோட்டைத் தாண்டாத கெர்னல்

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் மடிக்கணினியில் தண்டர்போல்ட் வழியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகுகிறோம். சாதனப் பட்டியலில் கார்டின் பெயர், தயாரிப்பாளர், மாடல் எல்லாம் பிசகாமல் வருகின்றன. ஆனால் கார்டு வேலை செய்யவில்லை. கெர்னலின் பதிவைப் புரட்டினால், இந்தச் சாதனத்துக்கு முகவரி ஒதுக்க இடமில்லை என்று ஒரு வரி கிடக்கும். 64 பிட் கணினியில் முகவரிக்குப் பஞ்சமா? இடம் ஏராளமாக இருக்கிறது. அதை யார், எப்போது பங்கு போட்டார்கள் என்பதில்தான் சிக்கல்.

இன்டெல் 1992இல் பிசிஐ பஸ்ஸைக் கொண்டுவரும்வரை இந்தப் பங்கு போடும் வேலை பெரும்பாலும் மனிதர்களுடையது. ஒலி அட்டையில் ஜம்பரை மாற்றி வைத்து, இன்னொரு அட்டையோடு மோதாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசிஐ அதை ஒழித்துக்கட்டியது. ஒவ்வொரு சாதனமும் 256 பைட் அமைப்புப் பகுதி ஒன்றை வைத்துக்கொள்ளும். சாதாரணச் சாதனமானால் அதில் ஆறு முகவரிப் பதிவகங்கள் இருக்கும். எவ்வளவு இடம் வேண்டும் என்று சாதனத்தைக் கேட்கும் முறை அழகானது. பதிவகத்தில் எல்லா பிட்களிலும் ஒன்று எழுதிவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டும். வகையைக் குறிக்கும் பிட்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அடியில் எத்தனை பிட்கள் பூஜ்யமாகவே நிற்கின்றனவோ அதுதான் அளவு. 20 பிட்கள் நின்றால் 1 எம்பி. இப்படிக் கேட்கும் அந்த நொடியில் சாதனம் தப்பான முகவரிக்குப் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, லினக்ஸ் முதலில் அதன் காதைப் பொத்திவிடும். பஸ்ஸிலிருந்து வரும் முகவரிகளைக் கவனிப்பதையே தற்காலிகமாக நிறுத்திவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இதே முறையைத்தான் வைத்திருக்கிறது. இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கேட்பது எளிது, கொடுப்பதுதான் கடினம். அளவு எப்போதும் இரண்டின் அடுக்காக இருக்கும். தொடங்கும் இடமும் அந்த அளவின் மடங்காகவே இருக்க வேண்டும். 256 எம்பி கேட்கும் கார்டு 256 எம்பி எல்லையில்தான் உட்காரும். அதே கார்டு கூடவே ஒரு 2 எம்பியும் கேட்டால், பெரியதை முதலில் வைத்துச் சிறியதைப் பின்னால் ஒட்ட வேண்டியிருக்கும். பஸ்களை இணைக்கும் அடுத்த பிரிட்ஜுக்குப் பின்னால் இதே போன்ற கார்டு இருந்தால் அது 512 எம்பி எல்லைக்குப் போய்விடும். நடுவில் ஏறத்தாழ 254 எம்பி தரிசு. பிரிட்ஜ்கள் இதை இன்னும் இறுக்குகின்றன. ஒரு பிரிட்ஜின் கீழுள்ள சாதனங்கள் எல்லாம் அதன் சாளரம் எனப்படும் ஒரே தொடர்ச்சியான முகவரி வரம்புக்குள் அடங்க வேண்டும். அந்தச் சாளரம் மேலேயுள்ள பிரிட்ஜின் சாளரத்துக்குள் அடங்க வேண்டும். முன்கூட்டிப் படிக்கக் கூடாத நினைவகத்துக்கான சாளரமோ 32 பிட்டோடு நின்றுவிட்டது. 4 ஜிபிக்கு மேலே எத்தனை காலி இடம் இருந்தாலும் அதற்குப் பயனில்லை. பழைய ஐஓ போர்ட் வெளி இன்னும் மோசம்: எக்ஸ்86இல் மொத்தமே 64 கேபி, வழக்கமான பிரிட்ஜுக்குக் குறைந்தது 4 கேபி; ஆக பதினாறு பிரிட்ஜோடு கதை முடிந்தது.

யுஎஸ்பியில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே முகவரி 1 முதல் 127 வரை வெறும் ஓர் எண். அதற்கு அளவும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரனும் கிடையாது. பிசிஐயில் முகவரி என்றால் நிலம்.

அந்த நிலத்தை முதலில் அளப்பது கெர்னல் அல்ல. எக்ஸ்86 கணினிகளில் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ முதலில் எழுந்து கோடு கிழித்துவிடுகிறது. பிறகு வரும் லினக்ஸ் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, விடுபட்டதை மட்டும் நிரப்புகிறது. இது சோம்பல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. யுஇஎஃப்ஐ திரைக்கான நினைவகத்தின் முகவரியைக் குறித்துக் கெர்னலிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. கெர்னல் அந்தக் கார்டை நகர்த்திவிட்டுப் பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருந்தால் திரை இருண்டுவிடும், அல்லது அந்த எழுத்து வேறொரு சாதனத்தின் தலையில் விழும். ஃபர்ம்வேர் கொடுக்கும் ஏசிபிஐ நிரல் சில சாதனங்களை நேரடி முகவரியில் தொடுவதுண்டு. கெர்னலின் கண்ணில் படாமல் ஓடும் ஃபர்ம்வேர் பகுதிகளும் இருக்கின்றன. தெரியாதவன் கல்லை நகர்த்தினால் எந்தச் சுவர் சரியும் என்று சொல்ல முடியாது.

இந்த அச்சம் கற்பனை இல்லை என்பதற்கு லினக்ஸிலேயே சான்று இருக்கிறது. சில ஏஎம்டி செயலிகளில் 4 ஜிபிக்கு மேலே ஒரு பெரிய சாளரத்தைக் கெர்னலே திறந்துகொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. இன்று அது பயனர் கேட்டால் மட்டுமே இயங்குகிறது. கேட்டால் கெர்னல் தன்மேல் ‘கறைபட்டது’ என்ற குறியையும் போட்டுக்கொள்கிறது. ஃபர்ம்வேர் தெரிவிக்காத சாதனங்களோடு இந்தச் சாளரம் மோதலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. நேர்மையான ஏற்பாடு.

ஆனால் இந்த எச்சரிக்கைக்கு விலை கொடுப்பவர் யார்? பின்னால் வந்து செருகுபவர். ஓடும்போதே செருகத்தக்க பிரிட்ஜ்களுக்கு லினக்ஸ் முன்கூட்டி ஒதுக்கிவைக்கும் இயல்பான அளவு 2 எம்பி நினைவகம். 256 எம்பி கேட்கும் கார்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மிச்சமிருக்கும் இடத்தைச் செருகும் பிரிட்ஜ்களுக்குள் பகிர்ந்தளிக்கும் முறை பின்னர் வந்தது. காலியான பிரிட்ஜின் சாளரத்தைக் கலைத்துவிட்டு மறுபடி முயல்வதும் உண்டு. ஆனால் மேலேயுள்ள சாளரத்தில் வேறொரு சாதனம் குடியேறியிருந்தால் முயற்சி அங்கேயே முட்டி நிற்கும். அந்தச் சாதனம் சும்மா கிடக்கிறதா, வேலை பார்க்கிறதா என்று கெர்னல் விசாரிப்பதில்லை. மறு ஒதுக்கீட்டுக்கான தொடக்க விருப்பங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கணினியை அணைத்துப் போட வேண்டும். அணைத்துப் போடுவதாக இருந்தால் ஓடும்போதே செருகும் வசதி எதற்கு?

முடியாத காரியமா என்றால், இல்லை. டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியலை வைத்து இயங்கும் பல ஆர்ம் பலகைகளில் இதே லினக்ஸ் எல்லா முகவரிகளையும் தானே முதலிலிருந்து ஒதுக்குகிறது. விண்டோஸ், விஸ்டாவிலிருந்து, ஓடும் டிரைவர்களைச் சற்று நிற்கச் சொல்லி, பிரிட்ஜ்களின் அடுக்கு நெடுகிலும் முகவரிகளை மாற்றி, மீண்டும் தொடங்கச் செய்யும் முறையை வைத்திருக்கிறது. அதற்கும் ஓட்டை உண்டு. ஒரே ஒரு டிரைவர் நிற்க மறுத்தால் மாற்றம் நடக்காது. இருந்தாலும் அங்கே கேள்வியாவது கேட்கப்படுகிறது.

லினக்ஸிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர் தன் கார்டின் முகவரியைத் தானே விடுவித்து, 256 எம்பி சாளரத்தை முழு நினைவக அளவுக்கு விரித்து, மறுபடி ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைக்காவிட்டால் பழைய அளவிலேயே வேலையைத் தொடர்கிறது. தன் சாதனத்தை எப்போது நகர்த்தலாம் என்பதை அந்த டிரைவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. நகர்த்துவது ஆபத்து என்ற விதி திரையையும் ஃபர்ம்வேர் தொடும் சாதனங்களையும் பொறுத்தவரை சரி. அது ஓர் ஒலி அட்டைக்கும் வெறுமனே செருகிக் கிடக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் ஏன் பொருந்த வேண்டும்? நகர முடியுமா என்று டிரைவரைக் கேட்கும் பொதுவான வாசல் ஒன்று இருந்தால், பதில் சொல்லாத டிரைவர்களை இன்று போலவே தொடாமல் விட்டுவிடலாம். அது இல்லாதவரை, பயனர் பயாஸ் திரைக்குப் போய் 4 ஜிபிக்கு மேல் முகவரி தரும் விருப்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார்; சில மலிவுப் பலகைகளில் அந்த விருப்பமே இருக்காது.